எதை எடுக்கச் சொன்னாள் எல்லம்மா?

"ஒரு கூடையில பன்னிரண்டு கத்திரிக்கா இருக்கு. அஞ்சு கத்திரிக்காயை வித்தாச்சு. மிச்சம் எத்தனை?"

பெரிய வாத்தியார் கேட்டது எல்லம்மாவிடம். அவளுக்குப் பக்கத்தில், கரும்பலகைக்குக் கீழே, நான் நின்றுகொண்டிருந்தேன். எதிரே நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் தரையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே விறகடுப்பில் மதியச் சோறு கொதிக்கும் வாசனை. ஈரச் சுள்ளி போலிருக்கிறது. புகை ஜன்னல் வழியாக வந்து கண்ணைக் கரித்தது.

எல்லம்மா வாயைத் திறக்கவில்லை. நான் அவள் இடுப்பில் இடித்து மெதுவாகச் சொன்னேன்: "ஏளு."

வாத்தியாருக்குக் காது கூர்மை.

"ஏ புள்ள! கணக்கை நான் உனக்கா போட்டேன்? நீ எதுக்கு விடையைச் சொல்லிக் குடுக்குற?"

நான் விடையைச் சொல்லவே இல்லை. சத்தியமாக எனக்கு அந்த விடை தெரியாது. அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துபோய்த் தலையைக் குனிந்து என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் எல்லம்மா கணீரென்று சொன்னாள்: "ஏடு!"

"எடுக்கவா? எதை எடுக்கணும்? கத்திரிக்காயையா?"

வகுப்பே சிரித்தது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் பலமாக, "ஏடு! ஏடு!" என்றாள்.

"பாத்தீகளாலே? வாத்தியாரையே வேலை ஏவுறா!" என்று சொல்லி, அவளை வாசற்படியில் போய் நிற்கச் சொல்லிவிட்டார். பரீட்சை அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவளுடைய அப்பா வந்து முடிவு கேட்பார். நாலாம் வகுப்பா, மண் கூடையா என்பது அந்தப் பன்னிரண்டு கத்திரிக்காயில்தான் இருந்தது.

ஒரு சத்தம், மூன்று வீடு

என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் அது தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும்.

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். சின்னாளப்பட்டியில் தறி நெய்கிற குடும்பம் நாங்கள். கன்னடம் என்றால் மைசூர்க்காரர்களுக்குப் புரிகிற கன்னடம் இல்லை. தறிச் சத்தத்தில் தேய்ந்துபோன கன்னடம். எங்களுக்கு ஏழு என்றால் 'ஏளு'. எழுந்திரு என்றாலும் 'ஏளு'. சொல்லு என்பதற்கு 'ஹேளு' என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யார் ஹகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்? அதுவும் 'ஏளு'தான். நான் எல்லம்மாவிடம் சொன்னது 'சொல்லுடி' என்பது.

திண்டுக்கல்காரர்களுக்கு ழகரம் வராது. பழம் எங்களுக்குப் பளம், ஏழு எங்களுக்கு ஏளு. ஆகவே வாத்தியார் காதில் விழுந்தது விடை.

எல்லம்மா வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் ஏழு என்றால் 'ஏடு'. அவள் கணக்கைச் சரியாகப் போட்டு, சரியான விடையை, ஊரே கேட்கச் சொன்னாள். அதற்குத்தான் வாசற்படி.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சிரிப்பு பிறகுதான் வருகிறது.

எல்லாம் ஒண்ணுதான்

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், என் பெயர் சௌடம்மா. பள்ளிக்கூடத்தில் அதைச் 'சவுடால்' ஆக்கிவிட்டார்கள். வாயே திறக்காத பிள்ளைக்கு அந்தப் பட்டம். "சவுடால் வந்துட்டாடா" என்று பையன்கள் கத்தினால் நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே போவேன்.

தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து என் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அதனால் திண்டுக்கல் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தார். நாங்களும் வந்தோம். மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில் வீடு, அடுத்த தெருவில் முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடம். சேர்க்க வந்த அன்று அம்மா என்னிடம் "பா, நில்லு" என்று, அதாவது வா, நில் என்று, வீட்டுப் பேச்சில் சொன்னாள். பெரிய வாத்தியார் அதைக் கேட்டுவிட்டார். அதோடு என் தலையெழுத்து முடிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. வெள்ளை வேட்டி, காதோரம் நரை, கையில் எப்போதும் பொடிமட்டை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வீடு வீடாக நடக்கிற மனுஷர். ஆனால் அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே பாஷைதான். ஒன்று தமிழ். மற்றது சௌடம்மாவின் பாஷை.

பேகம்பூரிலிருந்து உருது பேசும் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். "சௌடம்மா, இவனுக்குச் சொல்லு" என்றார்.

"சார், அது எங்க பாஷை இல்ல சார்."

"எல்லாம் ஒண்ணுதான். பேசப் பேச வந்துரும்."

அந்தப் பையனும் நானும் ஒரு வாரம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவனாகவே கோலிகுண்டு விளையாடித் தமிழைக் கற்றுக்கொண்டு போய்விட்டான். வாத்தியார் என்னை மெச்சினார்.

அடுத்து கொழும்பிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்துப் பெண். அவளையும் என் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

"சார், இவ பேசுறது தமிழ்தான் சார்" என்றேன்.

"தமிழா? தமிழ் மாதிரி இல்லையே."

"நான் வடிவாக் கதைப்பன் சேர்" என்றாள் அந்தப் பெண், கோபமாக.

"பாத்தியா? கதை சொல்றேங்குறா. என்ன கதைன்னு கேட்டுச் சொல்லு."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வைத்த வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதால் அவள் சிரித்தாள். "நீ வீட்லயே பேச மாட்டே. ஊருக்கெல்லாம் நீதான் வாயா?" என்றாள்.

இதில் எனக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. புதுப் பிள்ளை வரும்போதெல்லாம் என்னை வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார். நான் வெளியே இருக்கும்போதுதான் உள்ளே வகுத்தல் கணக்கு நடக்கும். அந்த வருஷம் போன வகுத்தல் இன்றைக்குவரை வரவில்லை. பூக்காரி நாலு முழத்தை மூன்று பேருக்குப் பிரிக்கச் சொன்னால் நான் என் பங்கை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

கிணற்றிலிருந்து வந்தவள்

எல்லம்மாவின் கூட்டம் கிணறு வெட்டுகிற கூட்டம். எங்கே கிணறோ அங்கே குடிசை. தண்ணீர் வந்துவிட்டால் ஓலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். ஆண்கள் கடப்பாரையும் வேட்டுமாக உள்ளே இறங்க, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமப்பார்கள். டவுனுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அப்போது வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய வாத்தியார் அங்கேயும் நடந்து போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார். அவளுக்கு என் வயசு, என்னைவிட ஒரு சாண் உயரம். வராந்தாவில் மூக்கு ஒழுகும் குழந்தைகளுக்கு நடுவில், பூசணிக் கொடியில் தென்னங்கன்று மாதிரி அவள் உட்கார்ந்திருப்பாள். குழந்தைகள் அவள் மடியில் ஏறி விளையாடும்.

"தமிழ் தெரியாதுல்ல? அப்ப ஒண்ணாங்கிளாஸ்தான்" என்றார் வாத்தியார். "சௌடம்மா, போ. உங்க பாஷையில சொல்லிக் குடு."

போனேன். வேறு என்ன செய்ய?

'அ' எழுதிக் காட்டி, "புரியுதா?" என்றேன். அவள் "ஆகலி" என்றாள். எங்கள் கன்னடத்தில் 'ஆகலி' என்றால் 'ஆகட்டும், சரி' என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷம். 'ஆ' எழுதினேன். "ஆகலி" என்றாள். 'இ' எழுதினேன். "ஆகலி, ஆகலி" என்றாள். இவ்வளவு அடக்கமான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. வாத்தியாரிடம் போய், "எல்லாத்துக்கும் சரி சரிங்குறா சார்" என்று நானாகவே சொன்னேன். நான் வலிய வந்து பேசியதில் அவருக்கே ஆச்சரியம்.

சில நாள் கழித்து, நான் 'உ' எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் என் கையிலிருந்த பலப்பத்தைப் பிடுங்கினாள். பிடுங்கித் தின்றுவிட்டாள். கடக்கு கடக்கென்று மென்றுகொண்டே, தன் வயிற்றில் ஓங்கி ஓர் அடி அடித்து, "ஆகலி!" என்றாள்.

தெலுங்கில் 'ஆகலி' என்றால் பசி.

அவள் வீட்டில் எல்லாரும் விடியுமுன் கிணற்றில் இறங்கிவிடுவார்கள். காலையில் அவளுக்கு ஒன்றும் கிடையாது. மதியச் சோற்று மணி அடிக்கும்வரை அவள் என்னிடம் பசி பசி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் உயிரெழுத்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்னவரை என்ன செய்வது?

மறுநாளிலிருந்து நான் தூக்குச்சட்டியில் பழையது கொண்டுபோனேன். அம்மா கேட்டாள், "ஏன்டி, திடீர்னு உனக்கு இம்புட்டுப் பசி?" நான் "ஆகலி" என்றேன். அவள் சரியென்று போய்விட்டாள்.

ஓர் இடைச்செருகல்

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா போன வாரம் வாசலில் நின்று அலுத்துக்கொண்டார். நூற்பாலைக்கு வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர் வகுப்பில் இருக்கிறார்களாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் எது சொன்னாலும் ஏறவில்லையாம். "ஹிந்திக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான்மா. அவனைவிட்டு ஹிந்தியில சொல்லச் சொன்னேன். அப்பவும் முழிக்குது."

"அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு?" என்றேன்.

"ஒடிசாவாம். எல்லாம் ஒண்ணுதானம்மா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு வருஷம் கழிந்தும் அதே வாக்கியம், அதே நம்பிக்கை. ஒரு நிமிஷம் பெரிய வாத்தியாரின் பொடி வாசனை மூக்கில் ஏறினாற்போல இருந்தது. வழக்கம்போல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தை வரைக்கும் தவணை

எல்லம்மாவின் அப்பாவை அவள் 'நாயனா' என்பாள். ஒரு நாள் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புருவத்தில் வெள்ளை மண், தலையில் முண்டாசு. வராந்தாவைப் பார்த்தார். மகளின் தோளில் ஒரு குழந்தை எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழில் வாத்தியாரிடம் சொன்னார்:

"பெத்த பிள்ள சாமி, பெரிய பிள்ள. சின்ன பிள்ளைகூட ஒக்காருது. எங்க ஆளுங்க சிரிக்கிறாங்க. தையில நாங்க நிலக்கோட்டைப் பக்கம் போறோம், மல்லியத் தோட்டத்துக் கிணறு. நாலாவதுல ஒக்கார வெச்சா, இங்க கல்லு ஒடைக்கிற எங்க அக்காகிட்ட விட்டுட்டுப் போறேன். லேதா, இல்லேன்னா, மண்ணு தூக்க வரட்டும்."

வாத்தியார் யோசித்தார். அவருக்கு ஒரு பிள்ளையை விடவும் மனசில்லை, விதியை விடவும் மனசில்லை.

"தை பொறக்கட்டும். நான் ஒரு கணக்குக் கேப்பேன். தமிழ்ல பதில் சொல்லிட்டா நாலாவது. சௌடம்மா, நீ பொறுப்பு."

நான் பொறுப்பு! எனக்கே கணக்கு வராது.

அந்த மார்கழி முழுவதும் நானும் அவளும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணினோம். வேப்பங்கொட்டையை வைத்துக்கொண்டு அவள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். எத்தனை கூடை மண் ஏறியது, எத்தனை பாக்கி என்று பிறந்ததிலிருந்து எண்ணியவள். தமிழ் எண்களும் வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு ரெண்டும் நாலும் ஆறும் எங்களுடையது மாதிரியே இருந்தன. ஏழு மட்டும்தான் தகராறு. "ஏளு" என்று நூறு தடவை சொல்லி வைத்தேன். அவசரத்தில் வாயைத் திறந்தால் "ஏடு"தான் வரும்.

வாத்தியார் நூறு கணக்கு கேட்டிருக்கலாம். ஆறு விடையாக வருகிற கணக்கு கேட்டிருந்தால் என்ன குறைந்துபோய்விடும்? ஒரே ஒரு கத்திரிக்காயைச் சேர்த்து விற்றிருக்கக் கூடாதா!

தட்டு எண்ணும் நேரம்

ஆக, எல்லம்மா வாசற்படியில் நிற்கிறாள். நான் என் இடத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். மதிய மணி அடித்தது.

பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலை எண்ணுவது பெரிய வாத்தியார்தான். வேறு யாரையும் விடமாட்டார். ஒவ்வொரு தலையையும் விரலால் தொட்டுக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, வேகமாகப் போவார். பத்து பத்தாக எண்ணி, பத்து ஆனதும் ஒரு விரலை மடக்குவார்.

பேசாத பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த முணுமுணுப்பு எனக்கு ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். சோற்றுக்கு முன்னால் சொல்கிறாரே, அதனால்.

அன்றைக்கு வரிசை வாசற்படியை ஒட்டி உட்கார்ந்திருந்தது. அவர் எண்ணிக்கொண்டே எல்லம்மாவின் பக்கத்தில் வந்தார். நான் கடைசித் தலை.

"...ஐது, ஆறு..."

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரம்மா, "சார், உப்புப் பத்தல!" என்று கத்தினாள். "செத்த நேரம் இரும்மா!" என்று அவரும் கத்தினார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. விரல் ஒரு பையனின் தலைமேல் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, ஆறா ஐந்தா என்று தேடுகிறார்.

வாசற்படியிலிருந்து எல்லம்மா எடுத்துக்கொடுத்தாள்: "ஏடு."

"ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி" என்று தொட்டுக்கொண்டே போய், விரலை மடக்கிவிட்டார்.

மடக்கிய பிறகுதான் நின்றார்.

என் தலைமேல் ஒரு கை காற்றில் அப்படியே நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லம்மா பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பது மண் கூடை எண்ணும் இடத்தில் வழக்கம். வாத்தியாரின் முகம்தான் சுண்ணாம்பாகிவிட்டது.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் திண்டுக்கல்லில் தெருவுக்குப் பாதி. கடைவீதியில் அதை யாரும் மறைப்பதில்லை. இவர் மட்டும், வகுப்பில் எவனாவது வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை பேசினால் காதைத் திருகுவார். "வீட்டுப் பாஷை வீட்டோட!" என்பார். அவர் வீட்டில் என்ன பாஷை என்று கேட்க யாருக்குத் தோன்றும்? தான் எண்ணுவது தெலுங்கில் என்று அவருக்கே அன்றுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நினைத்துப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அப்போது பாவமாக இல்லை. இவ்வளவு நாள் நான் பட்டதெல்லாம் எதற்கு என்றுதான் இருந்தது.

அவர் பொடிமட்டையை எடுத்தார், பொடி போடாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டு நாலாவதுல போய் உக்காரு" என்றார் எல்லம்மாவிடம்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், அவ தமிழ்ல சொல்லலையே சார்?"

"சோத்தை வாங்கித் தின்னுலே!"

ஜன்னலுக்கு வெளியே

சாயங்காலம் நாயனா வந்தார். நேரே வராந்தாவுக்குப் போனார். குழந்தைகளுக்கு நடுவே மகளைத் தேடினார். காணவில்லை என்றதும், அவளைத் துரத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் போல. முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலோரம் வந்து, படபடவென்று தெலுங்கில் ஏதோ கேட்டார்.

"சௌடம்மா, என்ன கேக்குறார்னு பாரு" என்றார் வாத்தியார், பழக்கத்தில்.

நான் எழுந்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கையை எல்லம்மா பக்கம் காட்டினேன். அவள் தூணுக்குப் பின்னால் இருந்தாள், ஜன்னலிலிருந்து தெரியவில்லை. அவர் மறுபடி கேட்டார். குரல் உடைந்தது. இந்த முறை நான் வாத்தியாரையே பார்த்தேன். பார்வையை எடுக்கவில்லை. என் ஆயுசில் பெரியவர் ஒருவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் காதைச் சொறிந்தார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு, இருட்டில் காலை வைத்து வைத்து நடக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"இக்கட... கூர்ச்சுந்தி. நாலுகோ கிளாசு."

இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், நாலாம் வகுப்பு. அந்த 'நாலுகு' எனக்கே புரிந்தது. எல்லம்மா தூணைத் தாண்டித் தலையை நீட்டி, "நாயனா!" என்றாள்.

அந்த மனுஷர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், பக்கத்தில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, முகமெல்லாம் மலர, "சாமி! மீரு மனவாள்ளா?" என்றார். நீங்க நம்ம ஆளா என்று.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போயிட்டு வா" என்றார் வாத்தியார், அவசரமாக, நல்ல தமிழில்.

அந்தத் தையில் கூட்டம் நிலக்கோட்டைப் பக்கம் போயிற்று. எல்லம்மா போகவில்லை. கல் உடைக்கும் அத்தையோடு இருந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். வகுத்தல் அவளுக்கு வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

இன்னொரு பிள்ளை

இதோடு எனக்கு விடுதலை என்று நினைத்தேன். தெலுங்குக்காரரே தெலுங்குக்கு இருக்கும்போது நான் எதற்கு?

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் காலை, வாத்தியார் ஒரு புதுப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈரத் தலை, நுனியில் முடிச்சு, நெற்றியில் சந்தனம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து டீக்கடை போட்டவரின் மகள்.

"சௌடம்மா, உங்க பாஷைதான். பாத்துக்க."

"சார், இது எங்க பாஷை இல்ல சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அவர்.

பக்கத்தில் எல்லம்மா எழுந்தாள். கணீரென்று, தமிழில் சொன்னாள்:

"ஒண்ணு இல்ல சார். ஏளு!"

வகுப்பு சிரித்த சிரிப்பில் சமையல்காரம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். வாத்தியாருக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"ஏளு இல்ல. ஏழு. எல்லாரும் நாக்கை மடிச்சுச் சொல்லுங்க."

"ஏளு!" என்றோம் நாங்கள் எல்லாரும்.

"ஏழு" என்றது ஒரே ஒரு குரல், மெதுவாக, வெண்ணெய் மாதிரி. அந்தப் புதுப் பெண்தான்.

வாத்தியார் திரும்பி அவளைப் பார்த்தார். "உனக்குத் தமிழ் தெரியுமா பாப்பா?"

"அறியில்லா" என்றாள் அவள்.

அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்.